மைதோவின் ஒளி மழையை விரட்டுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரியூனியன் தீவில் சென்-போலிலிருந்து எழுதுகிறேன். காரைக்கால்காரன், இங்கே வேன் ஓட்டுகிறேன். விடியும் முன்பே பயணிகளை மைதோ உச்சிக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு.

போன வாரம் கோயில் பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார்: "ராத்திரி மைதோவிலிருந்து பச்சை ஒளி பாய்ச்சுகிறார்களே, அதுதான் மேகத்தைக் கலைக்கிறது. கரும்பு காய்கிறது." நாலு பேர் ஆமாம் போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஒளி வருவது மைதோவில் 2,160 மீட்டர் உயரத்தில் உள்ள வளிமண்டல ஆய்வகத்திலிருந்து; அது 2012-இல் திறந்தது. லிடார் என்பது லேசர் ஒளியை மேலே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் காற்றை அளக்கும் கருவி. அங்கே ஈரப்பதம் அளக்கும் லிடார் அனுப்புவது 355 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. அது கண்ணுக்கே தெரியாது. பச்சை ஒளி வேறு வேலைக்கு. மேலே போன ஒளியில் துளியளவு காற்றில் பட்டு நிறம் மாறித் திரும்பும்: நைட்ரஜனில் பட்டது 387 ஆக, நீராவியில் பட்டது சுமார் 408 ஆக. 1.2 மீட்டர் அகலமான தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்று அதை வாங்கிக்கொள்ளும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஈரம் எவ்வளவு என்று தெரியும். திரும்ப எடுத்த நேரம் உயரத்தைச் சொல்லும், மைக்ரோ விநாடிக்கு 150 மீட்டர் கணக்கு. ஈரம் அளக்கக் கருவி கட்டி விடும் பலூன் காற்றோடு போய்விடும். லிடார் தலைக்கு மேலே அதே இடத்தை இரவெல்லாம் பார்த்திருக்கும்.

மேகத்தைக் கலைப்பதா? கனத்த மேகம் வந்தால் இந்த ஒளியால் அதைத் தாண்டிப் போகவே முடியாது. மேகம் எப்படி வருகிறது என்று தினம் பார்க்கிறவன் நான். காலை ஆறரைக்கு உச்சியிலிருந்து பார்த்தால் கீழே மஃபாத் என்ற பெரும் பள்ளம் அடிவரை தெரியும். வெயில் ஏறினால் கடற்கரையின் ஈரக்காற்று சரிவில் ஏறும். பத்து மணிக்கு வேன் கண்ணாடியெல்லாம் நீர்த்துளி, வைப்பர் போட்டுத்தான் இறங்குவேன். ராத்திரி காற்று கீழே இறங்க, உச்சி தெளிந்துவிடும். வெயிலில் அந்தச் சின்ன ஒளி அமுங்கிவிடும் என்பதால் அளவெடுப்பதும் இரவில்தான். தெளிந்த இரவைப் பார்த்து ஒளியேற்றுகிறார்கள், ஐயா. ஒளியால் வானம் தெளியவில்லை.

இதே தீவில் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் காற்றில் எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது என்று தெரிவது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

உங்கள் அறிவியல் பக்கத்தில் லிடார் பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை போடுங்கள். இங்கே பெரியவர்கள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அடுத்த பந்தியில் நானே கிரியோலில் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வேன் ஓட்டுநர், சென்-போல், ரியூனியன்