போர்டு 11

டேய், நல்லா இருக்கியா? போன கடுதாசிக்கு பதில் போடாததுக்கு திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் சௌக்கியம், முட்டி மட்டும் மக்கர் பண்ணுது. விஷயம் அது இல்ல. டீச்சரும் போயிட்டாங்கடா. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்.

வருஷாந்திர பிரிட்ஜ் டோர்னமெண்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நம்மள விட்டுப் போனவங்க பேரை வாசிச்சு ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்ல, இந்த தடவை வாசிக்கிற பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு. கையில குடுத்த லிஸ்ட்டுல பேர், வருஷம், அவ்வளவுதான். கர்னல் சார் எத்தனையோ வருஷம் பக்கத்து டேபிள்ல உக்காந்து ஆடினவரு, அவருக்கு ஒரே ஒரு வரி! எனக்கு மனசே ஆறல. 9க்கு மேல ஒரு சீட்டு கூட இல்லாத கை வந்தா "1828ல ஒண்ணு, அது எனக்குத்தான் வரும்"னு பெருமையா காட்டுவாரே, அது அந்த வரில எங்க இருக்கு? டாக்டர் உன்கிட்ட எத்தனை ஏஸ்னு தெரிஞ்சுக்க 4 நோ ட்ரம்ப் கேட்டுட்டு, நீ 5 டைமண்ட்னு ஒரே ஏஸ் காட்டினதும் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரே, அது?

இதே நெனப்புல சீட்டு வைக்கிற பழைய போர்டுங்களை எடுத்து தூசி தட்டிட்டு இருந்தேன். 11ஆம் நம்பர் போர்டு பாக்கெட்டுல ஒவ்வொரு டேபிள் ஸ்கோரையும் எழுதற டிராவலர் ஸ்லிப் ஒண்ணு நாலா மடிச்சு கிடந்துச்சு. மடிப்பு கிழிஞ்சு போச்சு, ஆனா பென்சில் எழுத்து அப்படியே இருக்கு, 7க்கு குறுக்கால கோடு போட்டு. டீச்சர் எழுத்துடா. பாத்ததும் கை நடுங்கிடுச்சு.

அந்த கை உனக்கு மறந்திருக்காது. டாக்டர் 3 ஸ்பேட்னு ஓப்பன் பண்ணாரு, என் ஜோடி டீச்சர் 4 ஹார்ட்டுக்குப் போனாங்க, நான் டம்மி, சீட்டை டேபிள்ல விரிச்சு வெச்சுட்டேன், ரெண்டு கையையும் அவங்கதான் ஆடணும். என்கிட்ட ஹார்ட்ல கிங், பத்து, அவங்ககிட்ட ஏஸ், ஜாக். ராணியை எந்தப் பக்கம் வேணா பிடிக்கலாம், யார்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. டம்மி வாயைத் திறக்கக்கூடாது, நான் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவங்க ரொம்ப நேரம் யோசிச்சு கிங்கை எடுத்துட்டு, டம்மில இருந்து சின்ன சீட்டைப் போடச் சொல்லி, நீ சின்னது போட்டதும் ஜாக்கை வெச்சாங்க, ஜாக் நின்னுடுச்சு. ராணி உன்கிட்ட இருந்துச்சு, உன் மூஞ்சி தொங்கினது இப்பவும் கண்ணுல நிக்குது!

எப்படி டீச்சர்னு கேட்டதுக்கு சொன்னாங்க: "நம்மகிட்ட 4 ஸ்பேட், 3 ஸ்பேட் கேட்ட டாக்டர்கிட்ட 7, அப்ப மிச்சம் 2 அந்தப் பையன்கிட்ட. மத்த சீட்டுக்கு டாக்டர்கிட்ட 6 இடம்தான் இருக்கு, அவன்கிட்ட 11. ராணி எங்க உக்காரும்?" அவ்வளவு அழகா யாருமே எனக்கு கணக்கு சொல்லிக் குடுத்ததில்ல. டாக்டரும் எழுந்து வந்து கை குடுத்தாரு, தோத்துட்டு! எல்லா டேபிள்லயும் அதே கைதான் ஆடினாங்க, ஸ்லிப்புல பாரு, ஒருத்தருக்கும் வரல. மத்த ஆறு வரியும் ஒண்ணு டவுன், ஒரு பிடி கம்மி, நம்ம வரி மட்டும் ஜெயிச்ச 420.

அதனால நான் முடிவு பண்ணிட்டேன். பேரை மட்டும் வாசிக்க மாட்டேன், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை சொல்லப்போறேன். டீச்சருக்கு இது. கர்னல் சாருக்கு பழைய ஆளுங்ககிட்ட கேட்டு வாங்கிட்டேன். டாக்டருக்குத்தான் இல்ல, அதை நீதான் எழுதணும். அவர் போனதுல இருந்து நீ சீட்டையே தொடலன்னு தெரியும், ஒரு தடவை கூட உன்னை வற்புறுத்தினதில்ல. ஆனா அவருக்கு எதிர்ல உக்காந்தவன் நீ ஒருத்தன்தாண்டா. அவர் டபுள் சொல்ற விதம், லீட் போடறப்ப சீட்டை டேபிள் ஓரமா சத்தமில்லாம வைக்கிறது, இதையெல்லாம் நாங்க பக்கத்துல இருந்து பாத்ததுதான், எதிர்ல இருந்து பாத்தது நீ. 13 சீட்டும் ஞாபகம் இல்லன்னா பரவால்ல, ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுது. அடுத்த வாரத்துக்குள்ள வேணும்.

ஸ்லிப்பை போட்டோ எடுத்து கூட வெச்சிருக்கேன். அஞ்சாவது வரியைப் பாரு. ஈஸ்ட்-வெஸ்ட் ஜோடி நம்பர் 4, டீச்சர் கையால எழுதினது. நீயும் டாக்டரும்.