பழைய கோயில இடிக்க வேண்டாம், மழைக்கு முன்னால காப்பாத்தணும், கை குடுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊர்ல இருக்கவங்க, சென்னை, பம்பாய், துபாய்னு பொழைக்கப் போனவங்க, அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கச்சிமார் எல்லாரும் இத முழுசா வாசிச்சிருங்க, நம்ம சர்ச், அதான் கோயில் கமிட்டில இருந்து எழுதுதோம்.

புதுக் கோயிலுக்கு ஆராதனை மாறுனதுல இருந்து பழைய கோயில் பூட்டியே கெடக்கு. போன மழைக்கு பீடத்துக்குப் பின்னால உள்ள செவுத்துல பூச்சு பாளம் பாளமா விழுந்துட்டு, உள்ள தெரியுத செங்கல்ல விரலால சொரண்டுனா மாவா உதிருது. கோபுரத்துல மணிக்குக் கீழ ஒரு அரசங்கன்னு வேர் விட்டு செவுத்தப் பிளந்துட்டு நிக்கு, மேல வெட்டி விட்டா திரும்பத் துளுக்குது, வேரோட எடுக்கணும்னா அந்த இடத்துல கட்டுமானத்தக் கழட்டி திருப்பிக் கட்டணும். கூரையத் தாங்குத பனமரச் சட்டம், அதான் பனங்கை, தெக்குப் பக்கம் எல்லாம் வைரம் மாதிரி இருக்கு, வடக்குப் பக்கம்தான் ஓடு ஒடஞ்சி தண்ணி எறங்கி கரையான் தின்னுட்டு, ஸ்க்ரூ டிரைவர வச்சி குத்துனா பிடி வரைக்கும் உள்ள போகுது.

இடிச்சிட்டு காங்கிரீட்ல ஹால் கட்டிரலாம்னு சிலர் சொல்லுதாங்க. ஹால் தேவதான், அசன விருந்துக்கு இடம் பத்தலங்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஹால காம்பவுண்டுக்குள்ள எங்கன வேணாலும் கட்டலாம், இந்தக் கோயில இடிச்சா இடிச்சதுதான். செவுரு வயசாகிப் போனதால கெடல, நடுவுல ரிப்பேர்னு சொல்லி சிமெண்ட் பூசி அதுக்கு மேல எனாமல் பெயிண்டும் அடிச்சிருக்காங்க பாருங்க, அதாலதான் கெட்டுச்சி. சுண்ணாம்புச் செவுரு தரைல இருந்து ஈரத்த இழுக்கும், அத வெளிய விட்டுரும், சிமெண்ட் விடாது, வேர்வையோட ரெயின்கோட் போட்டவன் கதிதான், உள்ளயே ஈரம் நின்னு உப்பு பூத்து செங்கல அரிச்சிட்டு வருது. அதனால சிமெண்ட மொத்தமா கொத்தி எடுத்துட்டு, செவுத்த ஆற விட்டு, பழைய முறைப்படி சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி சேத்து அரைச்சி பூசணும். சுண்ணாம்ப வாரக்கணக்குல ஊறப் போடணும், பூசுன பெறகும் நனைச்ச சாக்கு போட்டு மெதுவாதான் காய விடணும். அவசரத்துக்கு ஆகாத வேல இது, ஐப்பசி மழை வந்துட்டா ஒண்ணும் ஓடாது, அதான் இப்பவே கேக்கோம்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்கள் எப்படி எழும்பிச்சின்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1799ல உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் காலத்துல கிறிஸ்தவங்களுக்குன்னு முதலூர் உண்டாச்சி, 1820ல மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தாரு, பெறகு டோனாவூருக்கு நம்ம ஊரு மொகத்தையே பாக்காத பிரஷ்யா தேசத்து டோனா பிரபு காசு அனுப்புனாரு, ஊருக்கு அவர் பேரே நின்னு போச்சி. இடையன்குடில மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1847ல ஆரம்பிச்ச கோயில் 1880லதான் பிரதிஷ்டை ஆச்சி, நடுவுல தாது வருஷப் பஞ்சம் வேற, சனம் கஞ்சிக்கு இல்லாம செத்த காலம். அப்பேர்ப்பட்ட காலத்துச் சனந்தான் நம்ம பாட்டாமாரும். சோத்துக்கு அரிசி போடும்போது ஒரு கைப்பிடி எடுத்து கலயத்துல போட்டு காணிக்கைக்குக் கொண்டு வந்த ஆச்சிமார் வளத்த கோயில் இது, பனை ஏறி எறங்கி நெஞ்சு காச்சுப் போன ஆளுங்க குடுத்த துட்டு இந்தச் செவுத்துல இருக்கு. அத ஜேசிபி வச்சி ஒரு மத்தியானத்துல தள்ளிரலாம்னு சொல்லும்போது மனசு கேக்கல.

முதல்ல கூரை, அப்புறம் கோபுரத்து மரம், அதுக்குப் பெறகுதான் செவுரு, இந்த வரிசைலதான் செய்வோம், மேல ஒழுகுதத நிப்பாட்டாம கீழ பூசுனா காசுக்குக் கேடு. எஸ்டிமேட் கோயில் வாசல்ல ஒட்டியிருக்கு. கமிட்டி பேர்ல தனி அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம ஒரு ரூவா எடுக்க முடியாது, ரசீது கண்டிப்பா உண்டு, மாசா மாசம் வரவு செலவ ஆராதனை முடிஞ்சதும் வாசிப்போம். நூறு ரூவாயும் சந்தோஷந்தான், முடிஞ்சவங்க ஒரு பனங்கைக்கோ ஒரு லோடு சுண்ணாம்புக்கோ பொறுப்பு எடுத்துக்கிடலாம்.

வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க சொந்தச் சம்பளத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பலாம், தடை இல்ல. வேற நாட்டுக் குடியுரிமை வாங்குனவங்க தயவுசெஞ்சி நேரடியா அனுப்ப வேண்டாம், அதுக்கு எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடை வாங்குததுக்கான அரசாங்கப் பதிவு வேணும், நம்மகிட்ட அது கிடையாது.

காசு குடுக்க முடியாதவங்க சங்கடப்பட வேண்டாம். வீட்டுப் பரண்ல பழைய கல்யாண போட்டோ, ஞானஸ்நான போட்டோ இருந்தா கோயில் உள்பக்கம் தெரியுத மாதிரி ஒண்ணு தேடிக் குடுங்க, பீடத்து வளைவுல இருந்த பூ வேலைப்பாடு எப்படி இருந்துச்சின்னு கொத்தனாருக்குக் காட்ட எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. சுண்ணாம்பு வேல தெரிஞ்ச பழைய கொத்தனார் யாரும் உங்க பக்கம் இருந்தாலும் சொல்லுங்க, நாங்களே நேர்ல வந்து கூட்டிட்டு வாரோம்.