தூணுக்கு மூங்கில் பார்த்து எடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் கட்டும் மூங்கில் வீடுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலகில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்தே வருகிறது. அதனால் சிமென்டைக் குறைக்கும் இந்த மூங்கில் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதே பெரிய காரியம். ஆனால் வரைபடம் போட்டவருக்குப் பெயர் இருந்தது, கட்டிய பெண்களெல்லாம் வெறும் 'உதவியாளர்கள்'. அது எனக்கு வலித்தது.

நான் கூடை முடையும் குடும்பத்தில் பிறந்தவள். முதன்முதலாக ஒரு கொட்டகைக்குத் தூண் பார்த்து எடுக்கச் சொன்னபோது, கூடைக்குப் பழகிய என் கை இளசாகவே தேடி எடுத்துவிட்டது. ஊற வைக்கவும் இல்லை. சில மாதங்களில் தூணடியில் தினமும் மாவு கொட்டிக் கிடந்தது. கூட்டித் தள்ளினால் மறுநாள் காலையில் மறுபடியும் கிடக்கும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காக வண்டு துளைத்திருக்கிறது. கொட்டகையைப் பிரித்தே போட்டோம்.

"இளசு கூடைக்கு, முத்தினது தூணுக்கு" என்று அம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. இப்போது மூன்று வருடம் தாண்டிய மூங்கிலாகப் பார்த்து, அரிவாளின் பின்புறத்தால் தட்டுவேன். கணீரென்று கேட்டால்தான் வெட்டு. பிறகு உள்கணுக்களைக் கம்பியால் குத்தித் திறந்து, வண்டு வராமல் தடுக்கும் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவோம். ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளந்துவிடும், அதனால் துளையிட்டுக் கயிற்றால் இறுக்குவோம். பாரம் தாங்கும் முனையைக் கணுவை ஒட்டித்தான் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். தூணின் கால் மண்ணில் படாமல் கல்மேல் நிற்க வேண்டும். இதெல்லாம் உதவியாள் வேலையா, ஐயா?

பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி, 2022 வெள்ளத்துக்குப் பிறகு மூங்கில், சுண்ணாம்பு, மண் கொண்டு வீடு கட்ட ஊர்மக்களுக்கே, குறிப்பாகப் பெண்களுக்கு, கற்றுக்கொடுத்தார். 2023-இல் கட்டடக் கலைக்கான பிரிட்டனின் அரச தங்கப் பதக்கம் பெற்றார். அவரிடம் கற்ற பெண்கள் தாங்களே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நான் வேலை செய்த ஓரிடத்தில் கூலிப் பதிவேட்டிலும் என் பெயருக்கு நேரே 'உதவியாள்' என்றுதான் எழுதினார்கள். பக்கத்தில் நான் வேலை பழக்கிய பையனுக்கு 'கொத்தனார்'. அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வரும்போது, யார் மூங்கில் தேர்ந்தார்கள், யார் கட்டினார்கள் என்று கேட்டு அவர்கள் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
மூங்கில் வேலை செய்யும் ஒரு வாசகி