நன்றி மடல்: ஒத்துப்போகாமலும் உடனிருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

திருநர் தங்கள் பிறப்புப் பதிவில் பெயரையும் பாலினத்தையும் திருத்திக்கொள்ளத் தேவையான பாலின அங்கீகாரச் சான்றிதழைப் பெறும் வழியைத் தமிழில் விளக்கும் கையேடு இப்போது யாழ்ப்பாணத்தில் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. அதற்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர்களை இங்கே எழுதவில்லை. பெயர் அச்சில் வரட்டும் என்று விரும்பியவர்களும் உங்களுக்குள் உண்டு, வெளியே தெரிந்தால் வாடகை வீட்டை விட்டு எழும்ப வேண்டிவரும் என்றவர்களும் உண்டு. சிலரின் பெயரை மட்டும் போட்டால் மிச்சப்பேர் யாரென்று ஊர் கணக்குப் பார்த்துவிடும். ஆகவே செய்த உதவியைச் சொல்லி நன்றி சொல்கிறோம். வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

முதல் நன்றி, விடாமல் வாதாடியவர்களுக்கு. சான்றிதழை எடுத்துக்கொண்டு பெண்ணாக வாழ்ந்துவிட்டுப் போகிறேன், அதற்குப் பிறகு என்னை ஒருவரும் திருநங்கை என்று அழைக்கத் தேவையில்லை என்ற சகோதரிகள் ஒரு பக்கம். நான் திருநங்கைதான், அதை மறைத்து வாழ்ந்தால் எனக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கு ஆர் வழிகாட்டுவது என்று கேட்ட மூத்த அக்காமார் மற்றப் பக்கம். ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்று வாழ்பவர்கள், படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு இடம் மட்டும் இருப்பதைக் காட்டி, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தச் சான்றிதழில் மூன்றாவது தெரிவு இல்லை என்பதைக் கையேடு முதற்பக்கத்திலேயே மழுப்பாமல் சொல்கிறது. சான்றிதழ் எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவு, எடுக்காதவர் யாருக்கும் குறைந்தவரல்லர் என்ற வரி அதற்கு அடுத்ததாக வருகிறது. இரண்டையும் எழுத வைத்தவர்கள் நீங்கள்.

மருத்துவரின் கையெழுத்துப் பற்றிய விவாதம்தான் மிக நீண்டது. 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, 16 வயதுக்கு மேற்பட்டவருக்கு உளநல மருத்துவ நிபுணர் ஒருவர் சான்றிதழில் ஒப்பமிட வேண்டும். அதை வைத்துத்தான் பதிவாளர் நாயகம் திணைக்களம் பிறப்புப் பதிவில் பெயரையும் பாலினத்தையும் திருத்துகிறது. நான் யார் என்பதற்கு மனநோய் பார்க்கும் டொக்டர் ஏன் சாட்சி சொல்ல வேண்டும் என்று திருநம்பிகள் (பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) பலர் கொதித்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் திருநர் நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்து, பாலியல் சுகாதாரம் சார்ந்த அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டது என்பது அவர்களின் வாதம். அந்த உளநல மருத்துவரின் கிளினிக்கில்தான் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னை நான் சொன்ன பெயரால் கூப்பிட்டார் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இரண்டு கருத்தும் கையேட்டில் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன. சான்றிதழ்ப் படிவத்தின் வாசகம் ஹோமோன் சிகிச்சையையும் அறுவைச் சிகிச்சையையும் குறிப்பிடுகிறது. அதனால் இவை வேண்டாம் என்றிருப்பவர், தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை முதற் சந்திப்பிலேயே மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஆலோசனையைச் சேர்க்கச் சொன்ன தாதிய உத்தியோகத்தருக்குத் தனியாக நன்றி.

அடையாள அட்டை இலக்கத்தை விளக்கித் தந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயாவுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். பலர் கவனிக்காத விசயம் அது. இலங்கையில் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பாலினம் இருக்கிறது. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். ஜனவரி 20ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 020, பெண்ணுக்கு 520. பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான், அதற்கு அடுத்த மூன்றும் இதே கணக்கு. எனவே அட்டையில் பெயரை மட்டும் மாற்றி, இலக்கத்தைப் பழையபடி விட்டால், கணக்குத் தெரிந்த எந்த அலுவலருக்கும் பழைய பாலினம் தெரிந்துவிடும். இலக்கம் மாறினாலோ வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, சிம் அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் என்று பழைய இலக்கத்தில் தொங்குகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் சேமலாப நிதியைப் பிற்போடக் கூடாது. பழைய இலக்கத்தில் ஒரு பகுதியும் புதியதில் ஒரு பகுதியுமாகப் பணம் சேர்ந்துவிட்டால், எடுக்கும் நாளில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவ வேண்டிவரும். பழைய அட்டையின் போட்டோகொப்பியையும் திருத்தப்படாத பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் எரித்துவிடாதீர்கள் என்று ஐயா திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய பெயரைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காதவர்கள், அவற்றை உறையில் ஒட்டி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.

சத்தியக் கடதாசிகளைக் காசு வாங்காமல் எழுதித் தந்த சட்டத்தரணி அம்மா, காணி உறுதி பற்றிய பகுதியையும் சேர்த்தார். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆண் பெயரில் எழுதப்பட்ட முதுசொக் காணி (பரம்பரைச் சொத்து) உள்ள சகோதரி, பெண்ணாகப் பதிந்தபின் இந்த விதி தன்னையும் தொடுமா என்று, பதிவு மாற முன்பே ஒரு நொத்தாரிசுடன் கதைப்பது நல்லது.

பெயரின் முதலெழுத்துக்கு ஒரு முழுப் பின்னேரமும் போனது. எங்கள் ஆட்களுக்கு முதலெழுத்து தகப்பன் பெயரிலிருந்து வருவது. வீட்டை விட்டுத் துரத்திய மனுசனின் எழுத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்றவர்கள் உண்டு. வீடு என்னை விட்டாலும் அந்த ஒரு எழுத்தாவது என்னோடு இருக்கட்டும் என்று அழுதவர்களும் உண்டு. எதைத் தெரிந்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே ஒரு தாளில் எழுதிவைத்து, மருத்துவரின் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டு வரை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் அதையே எழுதுங்கள். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் வன்னியில் பிறந்தவர்கள், பதிவு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பதிவே இல்லாதவருக்குத் திருத்த ஒன்றுமில்லை, அவர் முதலில் காலங்கடந்த பதிவுக்குப் போகவேண்டும்.

அடையாள அட்டை விண்ணப்பம் கிராம அலுவலரின் கையால்தான் போகிறது. குடும்பத்துக்குச் சொல்லாதவர்களுக்கு அது பயமான இடம். விண்ணப்பதாரியை அலுவலக வாசலில் நிறுத்தி வைக்காமல், தனியாக அழைத்து, ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்காமல் ஒப்பமிட்ட கிராம அலுவலர்களே, நீங்கள் செய்தது சிறிய காரியமல்ல.

நல்லூர் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று பயந்தபோது, எழுதுங்கள் என்று துணிவு தந்தவர்கள் திருநம்பிகள். கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை களைந்துதான் போகவேண்டும். நெஞ்சை இறுக்கிக் கட்டியிருக்கும் பிள்ளை உள்ளே போவது எப்படி? 25 நாள் திருவிழாவிலும் வீதியில் நின்று கும்பிடுகிறோம், அதுவே போதும் என்கிறார்கள் சிலர். போதாது, முருகன் எங்களுக்கும் சொந்தம் என்கிறார்கள் மற்றவர்கள். இதற்குக் கையேடு விடை எழுதவில்லை. நெஞ்சுக் கட்டைப் பற்றி மட்டும் உறுதியாக எழுதியிருக்கிறது: எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், கட்டோடு படுக்க வேண்டாம், காயத்துக்குச் சுற்றும் இழுபடும் பண்டேஜ் வேண்டவே வேண்டாம். அது மூச்சுக்கு மூச்சு இறுகி விலா எலும்பை நோகச்செய்யும்.

ஹோமோன் பகுதியைத் திருத்தித் தந்த மருந்தாளருக்கும் நன்றி. கர்ப்பத்தடை மாத்திரையை அள்ளி விழுங்கினால் கெதியில் மாற்றம் வரும் என்ற கதை எங்களுக்குள் இன்னும் ஓடுகிறது. அதிலுள்ள எதினைல் எஸ்ட்ராடியோல் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், புகைப்பவருக்கு இன்னும் கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தால், அல்லது திடீரென மூச்சு முட்டினால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எடுத்த மாத்திரையின் பெயரை வெட்கப்படாமல் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடும் திருநம்பிகள் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஏறுகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

2022 ஜூனில் இங்கே நடந்த, தன்பால் ஈர்ப்பினரும் திருநரும் சேர்ந்த பெருமித (Pride) நடைபவனியில் நடந்தவர்களும், அதைத் தள்ளிநின்று பார்த்தவர்களும் ஒரே மேசையில் இருந்து சட்டப் பகுதியை எழுதினீர்கள். தன்பால் ஈர்ப்பினரின் போராட்டம் வேறு, எங்களது வேறு என்றார் ஒருவர். பொலிஸ்காரர் எங்களைப் பிரித்துப் பார்ப்பதில்லையே என்றார் மற்றவர். தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளோடு ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டமும் திருநர் மீது பாய்வதை அந்தப் பகுதி தனித்தனியாகக் காட்டுகிறது. சேர்ந்து நடப்பதா, தனியே நடப்பதா என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கட்டும்.

சிங்களத்தில் மட்டும் கிடைத்த கடிதங்களைத் தமிழாக்கிய மாணவர்களுக்கும், எழுத்துப்பிழை பார்த்த ஆசிரியைக்கும், பின்னேரங்களில் தேத்தண்ணி ஊற்றித் தந்த அம்மாமாருக்கும் எங்கள் அன்பு.

இரண்டாம் பதிப்பில் திருநம்பிகளுக்கான பக்கங்களைக் கூட்ட வேண்டும், வங்கிகளில் இலக்கம் மாற்றும் ஒழுங்கையும் விரிவாக எழுத வேண்டும். இதில் அனுபவம் உள்ளவர்கள், கையேட்டை உங்களுக்குத் தந்தவரிடமே குறிப்பை எழுதிக் கொடுங்கள். பெயர் போடத் தேவையில்லை.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்
யாழ்ப்பாணம்