அப்பாவின் மடிக்கணினியைத் தொடாதே

திருப்பாதிரிப்புலியூர்,
9 நவம்பர் 2025.

அன்புள்ள மங்கை,

ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டிக்கொள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைக்கூ என்னும் இயங்குதளத்தைச் சோதிப்பதற்கு உன் அப்பாவின் மடிக்கணினியில் வட்டைப் பிரித்து இடம் ஒதுக்கப் போவதாக எழுதியிருந்தாய். இன்னும் செய்யவில்லையென்றால் தயவுசெய்து செய்யாதே. அதற்குப் பதிலாக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துப் புதிய மடிக்கணினி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதுவும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு பக்கங்கள்.

இங்கே எல்லோரும் நலம். செல்வி அக்காவின் மகளுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை தனியாக வரும். நீ வராமல் இருந்தால் மூன்றாம் எண் கணினியின் கதையை உன் வீட்டுக்காரரிடம் முழுவதுமாகச் சொல்லிவிடுவேன்.

நானே ஒரு கணினியில் நிறுவிப் பார்க்காமல் உனக்கு யோசனை சொல்லக்கூடாது என்று நினைத்தேன், அதனால்தான் தாமதம். என் பழைய மேசைக் கணினி குண்டு உப்பலவாடியில் தம்பி வீட்டில் இருந்தது. சென்ற ஆண்டு ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, மேசைக்கு அடியில் நின்றிருந்த அந்தப் பெட்டி நின்ற இடத்திலேயே மூழ்கிப் போயிற்று. ஆகவே நானும் உன்னைப் போலவே முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

உன் மகன், கணினிக்குள்ளேயே ஒரு கற்பனைக் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். பழகிப் பார்க்க அது போதும், சோதிக்கப் போதாது. விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகக் காட்டும் பிணைய அட்டை இன்டெல்லின் பழைய புரோ 1000 வகை. ஒலி அட்டை பெரும்பாலும் ஏசி 97. இரண்டுமே ஏறக்குறைய கால் நூற்றாண்டுப் பழையவை, எல்லா இயங்குதளங்களுக்கும் பழக்கமானவை. ஆகையால் அங்கே எல்லாம் ஓடும். அமெரிக்காவில் ஒருவர், கோவையில் நீ, கடலூரில் நான் என்று மூவரும் அதில் சோதித்தால், ஒரே கற்பனைக் கணினியை மூன்று முறை சோதித்தவர்களாவோம்.

புதிய மடிக்கணினிக்கு வருகிறேன். 2001-இல் பீ நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் நிறுவனம் வாங்கியபோது, அநாதையாகிப் போன அவர்களுடைய பீஓஎஸ் இயங்குதளத்தை மறுபடி முதலிலிருந்து எழுதக் கிளம்பியவர்கள்தான் ஹைக்கூக்காரர்கள் என்பது உனக்குத் தெரியும். சிறு குழு, பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அங்கே ஒரு சில்லுக்கு இயக்கி (அதை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல்) இருக்கிறது என்றால், அந்தச் சில்லு எப்போதோ யாரோ ஒருவரின் மேசையில் இருந்திருக்கிறது, அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று பொருள். வைஃபை இயக்கிகளை ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறு இரு இயங்குதளங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஓர் அட்டை பழகி, பிறகு இங்கே வந்து சேர ஆண்டுகள் ஆகலாம். நீ பார்த்து வைத்திருக்கும் மெல்லிய மடிக்கணினியில் பிணையக் கம்பியை மாட்டும் ஈதர்நெட் துளையும் கிடையாது. வைஃபை எழவில்லை என்றால் பிழையைப் பற்றித் தெரிவிக்கக்கூட அந்தக் கணினியிலிருந்து வழி இருக்காது. அதில் உள்ள விலை உயர்ந்த என்விடியா அட்டைக்கும் வேலை இல்லை. என்னிடம் இருக்கும், 2024 செப்டம்பரில் வந்த பீட்டா 5 பதிப்பில் முப்பரிமாணக் கணக்குகளையெல்லாம் மையச் செயலிதான் சுமக்கிறது. நீ கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல பங்கு அந்த அட்டைக்கே போகிறது, மங்கை!

எல்லாம் ஓடும் கணினியையே வாங்கினால் எதைத்தான் சோதிப்பது என்று நீ கேட்பாய். நானும் பல நாள் யோசித்தேன். வட்டு, திரை, விசைப்பலகை, கம்பிவழிப் பிணையம் ஆகிய நான்கும் சந்தேகமில்லாமல் ஓட வேண்டும். அதன்மேல் சந்தேகத்துக்குரிய உறுப்பு ஒன்றை மட்டும், ஒரு சமயத்தில் ஒன்றாக, மாட்டிச் சோதிக்க வேண்டும் என்பதே என் முடிவு. எதுவுமே ஓடாத கணினியில் எது பிழை என்று கண்டுபிடிக்க முடியாது.

அதனால் நான் 2012-ஆம் ஆண்டின் அலுவலக மேசைக் கணினி ஒன்றை வாங்கினேன். இன்டெல் மூன்றாம் தலைமுறைச் செயலி. திரைக்கும் பிணையத்துக்கும் இன்டெல் சில்லுகளே. இப்போது இவை மலிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. ஆகவே அலுவலகங்களும் கல்லூரிகளும் நல்ல கணினிகளைக் கழித்துக் கட்டுகின்றன. நமக்கு வேண்டியதைவிட அதிக வலிமை உள்ள கருவிகள், அவர்களுக்கு வேண்டாதவையாகி வருகின்றன.

ஆனால் வாங்கிய முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஒரு நாள் கோப்பை நகலெடுக்கும்போது உறைந்தது. மறுநாள் உலாவியைத் திறந்ததும் விழுந்தது. மூன்றாம் நாள் எழும்போதே நின்றது. ஹைக்கூவின் பிழை என்று எண்ணி, அவர்களுக்கு அனுப்ப நீளமாக ஓர் அறிக்கையே எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுவதுதான் உறுத்தியது. மென்பொருள் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும் என்று கல்லூரியில் சார் நமக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வர, அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் பார்த்தால் திரை முழுவதும் சிவப்பு வரிகள். ரேம் அட்டைகளைக் கழற்றினேன். பொன் பூசிய பற்களில் பாசி படிந்ததுபோல் பச்சை. நம் ஊர் உப்புக் காற்று எதை விட்டுவைத்தது? பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டியதும் ஓர் அட்டை சரியாகிவிட்டது. மற்றொன்று உண்மையிலேயே கெட்டது. விற்றவர் மாற்றித் தரவில்லை. எழுதிய அறிக்கையை அழித்தேன். அனுப்பியிருந்தால், கடல் தாண்டி யாரோ ஒருவர் இல்லாத பிழையைத் தேடி ஒரு வார இறுதியைத் தொலைத்திருப்பார். நீ எதை வாங்கினாலும் முதல் இரவு மெம்டெஸ்ட் ஓடட்டும். அதற்குப் பிறகே ஹைக்கூ இருக்கும் பென்டிரைவைச் செருகு.

ஹைக்கூ எழும்போது திரையில் ஏழு சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும், கடைசியில் ராக்கெட். எந்தச் சின்னத்தில் நிற்கிறதோ அங்கே சிக்கல். எனக்கு நான்காவதில், அதாவது வட்டுச் சின்னத்தில், நின்றது. பென்டிரைவை நீல நிற யூஎஸ்பி 3 துளையிலிருந்து எடுத்து, பின்புறம் இருந்த பழைய கறுப்புத் துளையில் செருகியதும் ராக்கெட் வரை போயிற்று. நிறுவப் போனபோது உள்ளே இருந்த வட்டு பட்டியலிலேயே இல்லை. பயாஸில், அதாவது கணினி எழுமுன் வரும் அமைப்புத் திரையில், வட்டுக் கட்டுப்பாட்டைப் பல வட்டுகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு முறையில் வைத்திருந்தார்கள். வழக்கமான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றியதும் வட்டு தெரிந்தது. இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து மேசைத்திரை வரும்வரை 18 நொடி.

இந்தக் கணினியை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணத்தை இன்னும் சொல்லவில்லை. இதன் முதுகில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கருநிரல் விழும்போது திரை சில சமயம் வெறும் கறுப்பாகிவிடும். ஆனால் விழுவதற்கு முன் அது சொன்ன கடைசி வார்த்தைகள் அந்த ஒன்பது ஊசி வழியாக வெளியே வந்துவிடும். அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் குறுக்காக மாறிய நல்மோடம் (null modem) கேபிளின் மறுமுனையை என் மடிக்கணினியில் மாட்டி, வேகத்தை 115200 என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வரி வரியாக அது பேசுவதைப் படிக்கலாம். சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியானால் யூஎஸ்பியில் சீரியல் மாற்றி ஒன்றைச் செருகிக்கொள்ளலாமே என்று உன் மகன் சொல்வான். படிக்கும் பக்கம் செருகலாம். சோதிக்கப்படும் பக்கம் உதவாது, ஏனென்றால் அந்த மாற்றி பேசத் தொடங்க அதற்கே ஓர் இயக்கி எழுந்திருக்க வேண்டும். இங்கேயோ எதுவும் எழும் முன்பே விழுகிறது. கல்லூரியில் நாம் வேண்டாவெறுப்பாகப் படித்த பாடம் இந்தச் சீரியல் போர்ட். முதல் வரி வந்து விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. உன்னைத்தான் உடனே கூப்பிடத் தோன்றியது. மணி இரண்டு என்பதால் விட்டுவிட்டேன்.

இனி அப்பாவின் மடிக்கணினி. அவர் கடைசி வருடத்தில் பேசிப் பதிவு செய்துவைத்த ஒலிக்கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, வேறெங்கும் நகல் எடுக்கவில்லை என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வட்டைப் பிரிக்கும் திரையில் ‘அப்பாவின் குரல்’ என்று எழுதியிருக்காது. பெரும்பாலும் எண்களையும் அளவுகளையும் நம்பித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் நிறுவும்போது இரண்டாவது வட்டின் கேபிளைக் கையால் பிடுங்கி வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன்; அப்படிச் செய்தும் இருமுறை அளவைச் சரிபார்த்தேன். ஒரே வட்டு உள்ள மடிக்கணினியில் பிடுங்கி வைக்க எதுவும் இல்லை. புதிய இயங்குதளம் ஒன்றைச் சோதிப்பது என்றால் அது என்றோ ஒரு நாள் வட்டைக் குழப்பும் என்று ஒப்புக்கொண்டு உட்காருவதுதான். அப்பாவின் குரல் இருக்கும் இடம் அதற்கு உரியதில்லை, மங்கை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இரண்டு பென்டிரைவ்களில் நகல் எடு. ஒன்றை உன் அண்ணன் வீட்டில் கொடுத்து வை.

உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். புதுவையில் பழைய கணினி விற்கும் ஒருவரிடம் என்னுடையதைப் போலவே ஒரு பெட்டியைப் பார்த்தேன். முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒன்பது ஊசியும் வளையாமல் இருக்கின்றன. ரேமைக் கழற்றிக் காட்டச் சொன்னேன்; பற்கள் மஞ்சளாகவே இருந்தன. ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்து அடுத்த ஞாயிறு வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசியில் சொல். பேருந்துப் பார்சலில் போட்டுவிடுகிறேன். நல்மோடம் கேபிள் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை உள்ளே சுற்றி வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
கலா