138/86: ஒரு அம்மாவுக்குக் கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளி மருத்துவ முகாமில், கொஞ்சம் உடம்பு போட்ட உங்கள் மகனுக்கு பி.பி. 138/86 என்று சீட்டு கொடுத்ததும் நீங்கள் பயந்துபோனீர்கள். "பதினாலு வயசுப் பையனுக்குப் பிரஷராவது!" என்று வீட்டுப் பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டுமே அவசரப்பட்ட முடிவுதான்.

முதலில் அந்த எண் சரிதானா என்று பார்க்க வேண்டும். உடம்பு போட்ட பிள்ளைகளுக்கு அளவு தப்புவது பெரும்பாலும் கையில் சுற்றும் பட்டையால். தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 34 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் அதில் 40 சதவீதமாவது, அதாவது 13.6 செ.மீ. இருக்க வேண்டும், நீளம் குறைந்தது 80 சதவீதம், 27 செ.மீ. எல்லாருக்கும் சுற்றும் சாதாரணப் பட்டையில் அந்தப் பை சுமார் 12-க்கு 23 செ.மீ.தான். பை சிறியதானால் கையின் ரத்தக்குழாயை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும். இல்லாத பிரஷர் எண்ணில் ஏறிவிடும். டாக்டரிடம் கைச்சுற்றளவைச் சொல்லிப் பெரிய பட்டை கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

மாடி ஏறிய மூச்சோடு பார்க்கக் கூடாது. 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கை நெஞ்சு மட்டத்தில், பேசாமல் இருக்கட்டும். வலது கையில்தான் பார்க்க வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி பிறவியிலேயே குறுகியிருந்தால் இடது கை குறைத்துக் காட்டி ஏமாற்றக்கூடும்.

13 வயதிலிருந்து கணக்கு எளிது. 120/80-க்குக் கீழே என்றால் சரி. மேல் எண் 130 அல்லது கீழ் எண் 80 தொட்டு, அது வெவ்வேறு நாட்களில் 3 முறை வந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று பெயர். உங்கள் மகனுக்கு 1-2 வாரத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் கூடியிருந்தால் 3 மாதத்தில் இன்னொரு முறை. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டால் ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் சேர்ந்தால் அன்றே.

சிரித்த பெரியவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் போகலூசா என்ற ஊரில் 1973-இல் தொடங்கிய ஆய்வில், இளம் வயதில் வேறு காரணங்களால் இறந்தவர்களின் ரத்தக்குழாய்களைத் திறந்து பார்த்தார்கள். எடையும் பிரஷரும் கொழுப்பும் கூடியிருந்தவர்களுக்கு உள்சுவரில் கொழுப்புப் படிவும் கூடவே இருந்தது. ஆனால், சிறுவயதில் பருமனாக இருந்து, வளர்ந்தபின் பருமன் இல்லாமல் ஆனவர்களின் இதய ஆபத்து, எப்போதும் பருமனே இல்லாதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்ததாக 2011-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது.

வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனையும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். லேப் தாளில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150 வரை சரி என்று அச்சிட்டிருக்கும். அது பெரியவர்களுக்கான கணக்கு. இந்த வயதில் 130-ஐத் தொட்டாலே அதிகம். கழுத்தில் வெல்வெட் போலக் கருப்பு இருந்தால் பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள். அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். குறட்டைவிட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா என்று ஓரிரு இரவு கவனியுங்கள். அதுவே பிரஷரை ஏற்றும்.

பட்டினி போட வேண்டாம். உயரம் கூடும் வயது; எடை ஏறாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் இவைதான் உப்பின் ஒளிவிடங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். கோலா குடித்தால் 250 மி.லி.யிலேயே 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. தினமும் 60 நிமிடம் வியர்க்க விளையாடட்டும். டியூஷன் நேரத்தில் கைவைத்தாவது.

தாத்தாவின் பிரஷர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், டப்பாவை எடுத்து மேலே வையுங்கள்.