ஜெனரேட்டருக்குக் காசு கட்டுமுன்: கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

படகு இழுக்க மின்சார டபுள் கெப் எடுக்கலாமா என்ற பேச்சு உங்களில் சிலரிடம் அடிபடுகிறது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குப் போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி எடுப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் "வழியில் சார்ஜ் இறங்கினால் உதவும், பின்னால் ஒரு ஜெனரேட்டர் கிடக்கட்டும்" என்கிறார்களே, அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள் என்கிறேன். நான் வயரிங் வேலை செய்பவன். ஐஸ் ஆலைகளிலும் படகு திருத்தும் இடங்களிலும்தான் என் வேலை அதிகம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரிய மின்சார கெப் ஒன்று சும்மா ஓடும்போது 100 கிலோமீற்றருக்கு 25, 30 யூனிட் மின்சாரம் தின்னும். பின்னால் ட்ரெய்லரில் படகைக் கட்டினால் அது 50 யூனிட்டைத் தொடலாம். அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் வண்டியின் பெரிய பற்றரி 131 யூனிட் பிடிக்கும். ஒரு சார்ஜில் சுமார் 515 கி.மீ. ஓடும் என்பது அங்குள்ள அரச அளவீடு. உயரமான சுற்றுலா வண்டிவீட்டை இழுத்துச் சோதித்தபோது அந்தத் தூரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. நம் ஃபைபர் படகு அவ்வளவு உயரமில்லை என்பது ஆறுதல். ஆனால் நாம் வாங்கக்கூடிய வண்டியின் பற்றரியும் அவ்வளவு பெரிதாக இராது. 60 யூனிட் பற்றரி என்று வைத்துக்கொண்டால், படகோடு 120 கி.மீ. திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போய்வர ஏறக்குறைய 110 கி.மீ. ஆகும். போய்விடலாம், ஆனால் டிரைவரின் கண் முழுக்க மீற்றரில்தான் இருக்கும்.

இப்போது ஜெனரேட்டரை ஏற்றுவோம். வண்டியோடு வரும் கைச்சார்ஜர் 10 ஆம்பியர் இழுக்கும், அதாவது 2.3 கிலோவாட். அதை விடாமல் கொடுக்க 3 கிலோவாட் ஜெனரேட்டராவது வேண்டும். ஒரு மணி நேரம் ஓடினால், வீணாகிறது போக பற்றரிக்குள் 2 யூனிட் இறங்கும். 2 யூனிட்டுக்கு எவ்வளவு தூரம்? படகோடு 4 கி.மீ. ஒரு மணி நேரம் நடந்தாலும் அவ்வளவு தூரம் போய்விடலாம். மேற்குக் கரைக்குப் போகும் வழியில், கந்தளாயிலிருந்து ஹபரணை வரையான 45 கி.மீ. அளவு தூரத்துக்குத் தேவையானதை இப்படி ஏற்ற 11 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஓடிக்கொண்டே ஏற்றலாமே என்று கேட்பீர்கள். சார்ஜ் வயர் குத்தியிருந்தால் வண்டி நகராது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அப்படியானால் நின்றுதான் ஏற்ற வேண்டும். அக்போபுர தாண்டி, கல்ஓயாப் பக்கம், அந்தி சாய்கிற நேரத்தில், யானை ரோட்டுக்கு வரும் இடத்தில், ஜெனரேட்டரை உறுமவிட்டுக்கொண்டு ஒருவர் காவல் நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் உண்டு. பெரும்பாலான சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். சார்ஜர் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். நியூட்ரலை ஜெனரேட்டரின் சட்டத்தோடு சேர்க்கும் பிளக் ஒன்றைச் செய்துகொள்ளலாம். அதை வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், ட்ரிப் சுவிட்சும் கூடவே இருக்க வேண்டும். எர்த் இல்லாமலே அது இருப்பதுபோலச் சார்ஜரை ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரைச் சங்கத்து வாசலில் ஏற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் சொட்டும் ட்ரெய்லருக்குப் பக்கத்தில் செய்கிற வேலையா அது?

பெட்டி போன்ற கையடக்கப் பற்றரிகளும் விற்கிறார்கள். 3.6 யூனிட் பிடிக்கும் ஒன்று 45 கிலோ இருக்கும். வண்டிக்குள் இறங்குவது 3 யூனிட் அளவு. 6 கி.மீ. போகலாம். ஆபத்தான வளைவிலிருந்து வண்டியை எடுத்து ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக அது போதும். சத்தமில்லை, புகையில்லை. கட்டாயம் எதையாவது சுமக்கத்தான் வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன். கூடவே 12 வோல்ட் பற்றரிக்கு ஒரு சின்ன ஜம்ப் பெட்டி. பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் அந்தச் சின்னது செத்தால் வண்டி எழும்பாது.

காசில்லாத கையிருப்பு ஒன்று டிரைவரின் காலடியில் இருக்கிறது. காற்று வண்டியைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80இலிருந்து 60க்கு இறங்கினால் அது பாதியை ஒட்டி வந்துவிடும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கந்தளாய்ப் பக்கம் போனால் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். எதிர்க்காற்று 30 என்றால், 60இல் போகிற வண்டிக்குக் காற்று 90 போலத் தெரியும்; காற்றுத்தடை இரண்டு மடங்குக்கு மேல். அந்த மாதங்களில் விடியற்காலையில், காற்று எழும்புமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். படகின் மேல் போடும் படங்கும் இறுக்கமாக இருக்கட்டும், படபடக்கிற படங்கு சும்மா சார்ஜைத் தின்னும்.

சரி, அப்போது அவசரத்துக்கு என்ன வழி? நீங்கள் ஜெனரேட்டருக்கு ஒதுக்கிய காசை ரோட்டோரத்தில் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஐஸ் ஆலை ஒவ்வொன்றிலும் த்ரீ ஃபேஸ் கரன்ட் இருக்கிறது. கந்தளாயின் அரிசி ஆலைகளிலும் அப்படித்தான். அங்கே சுவரில் 32 ஆம்பியர் சார்ஜர் ஒன்றைப் பொருத்தினால், வண்டியின் உள்சார்ஜரைப் பொறுத்து மணிக்கு 7 அல்லது 11 யூனிட் ஏறும். கந்தளாயில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் ஹபரணைக்குத் தேவையானது உள்ளே இருக்கும். ஜெனரேட்டர் ஒரு நாள் எடுப்பதை அது ஒரு சாப்பாட்டு நேரத்தோடு முடித்துவிடும்.

கரன்டே போய்விட்டால்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது. ஐஸ் உருகிவிடும் என்பதால் பல ஐஸ் ஆலைகள் பெரிய டீசல் ஜெனரேட்டரை எப்போதும் தயாராக வைத்திருக்கின்றன. தேவைப்படும் ஜெனரேட்டர் ஏற்கனவே அங்கே நிற்கிறது, அதுவும் நல்ல எர்த்தோடு.

இது ஒரு சங்கம் தனியே செய்யும் வேலை இல்லை. புல்மோட்டை, குச்சவெளி, மூதூர், வெருகல் சங்கங்கள் சேர்ந்து, ஒருவர் வண்டிக்கு மற்றவர் சார்ஜர் கொடுப்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். நேரத்துக்கேற்ற கட்டணம் உள்ள இணைப்பில் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரைதான் விலை அதிகம். அவசரமில்லாத வண்டியை அதற்குப் பிறகு குத்தட்டும். பொது இடத்து வேகச் சார்ஜர்களை நம்பி இருக்கவும் வேண்டாம். பழையவற்றில் நிசான் லீஃப் காலத்து சேடமோ பிளக் இருக்கும், புது வண்டிக்கு அது பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் ட்ரெய்லரைக் கழற்றாமல் பல இடங்களில் உள்ளே நுழைய முடியாது. நீங்கள் போடும் சார்ஜரையாவது படகோடு வந்து நிற்கக்கூடிய பக்கத்தில் போடுங்கள்.

மேற்குக் கரையிலிருந்து புதுப் படகு எடுத்துவருவதுதான் வண்டியின் முக்கிய வேலை என்றால், பெற்றோல் எஞ்சினும் சேர்ந்த ஹைப்ரிட் கெப்பைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். எந்த ஐஸ் ஆலையில் எவ்வளவு சுமை மிச்சமிருக்கிறது, எத்தனை மில்லிமீற்றர் வயர் இழுக்க வேண்டும் என்பதை வந்து அளந்து தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம். முன்பணம் கட்டுமுன் கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
திருகோணமலை வயரிங் தொழிலாளி ஒருவன்